நிலவறைப் படிக்கட்டில் இரண்டு சுவிட்ச்

வெர்னன்,

வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஏன் நின்றதென்று செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குப் புரியவில்லை. அன்று நம் வீட்டை வாங்குபவர்கள் அனுப்பிய ஆய்வாளர் நிலவறைக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சும்மா, புதுசுதான் போடணும்" என்றார். நீயும் போனில், "நான் இல்லாம ஒரு ஹீட்டரைப் பாத்துக்க முடியலையா?" என்று கத்தினாய். அது இன்னும் வலிக்கிறது.

இன்று துணி எடுக்க இறங்கும்போது இருட்டில் சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரியவில்லை, கீழே ஹீட்டர் உறுமியது! இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விளக்கென்று நினைத்து அந்த ஆய்வாளரே ஹீட்டரை அணைத்துவிட்டு, அது ஓடவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

சூப் அடுப்பில் இருக்கிறது. இன்று இரவு நீ வந்து சேரும்போது நான் ஆஸ்பத்திரியில் இரவு வேலையில் இருப்பேன். வீடு விற்றால்தான் நீ வேலை பார்க்கும் ஃபார்கோவில் உன்னோடு வந்து இருக்க முடியும். அதுவரை உன் தலையணையில்தான் தூங்குகிறேன். காலையில் நான் வரும்வரை திரும்பக் கிளம்பிவிடாதே.

லோரெட்டா

பி.கு.: நாளை காலை அவர் மறுபடி வருகிறார். ஹீட்டர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். அவர் வருமுன் நிலவறை விளக்கை நீயே போட்டு வை.