தையல்கடை யார் பேரில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். பல்வலி தேவலையா? நான் சௌக்கியம்.

கொள்ளைநோயில் நொடித்துப்போன சின்னக் கடைகளுக்கு உதவித்தொகை கொடுக்க எங்கள் நகராட்சியில் திட்டம் தயாரிக்கிறோம். உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் என்று எழுதியிருந்தோம். நேற்று தையல்கடை அக்கா ஒருவர் வந்தார்.

"உரிமம் என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர் அந்த நோய்லயே போயிட்டாரு. கடையை இப்ப நான்தான் பார்க்கிறேன்."

"ஆளாளுக்கு வளைச்சா திட்டமே கந்தலாயிடும்" என்றார் மேலதிகாரி. கடை ஓடத்தானே இந்தப் பணம் என்று நான் அவரோடு கொஞ்சம் முட்டிக்கொண்டேன். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதே. கடைசியில் 'கடையை இப்போது நடத்துபவருக்கு' என்று அவரே திருத்தினார்.

கிளம்பும்போது அக்கா என் சட்டையைப் பார்த்து, "பொத்தான் தைச்சுக் குடுக்க ஆள் இல்லையா தம்பி?" என்றார். சிரித்து வைத்தேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஊசி நூல் கொடுத்தனுப்பு. போனில் பேசும்போது மிக்ஸியை நிறுத்தாதே, ஓடட்டும்; அந்தச் சத்தம் கேட்டால் நம் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்