கேபின் தகடு மாற்றியது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். நீங்களும் என் தங்கச்சியும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். எனக்கு முழங்கால் மட்டும் அவ்வப்போது மக்கர் செய்கிறது.

நம் பழைய லாரியின் கேபின் மேல்தகட்டைப் போன வாரம் மாற்றிவிட்டேன். துருப்பிடித்து, விரலால் குத்தினால் உள்ளே போகிற நிலைக்கு வந்துவிட்டது. தார் பூசினேன், பாலித்தீன் தாள் கட்டினேன், எதுவும் நிற்கவில்லை. கடந்த மழையில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் ஓட்டினேன். உங்கள் அக்கா, "வண்டிய வித்துத் தொலைங்க. இல்ல, வெளியில உக்காந்து ஓட்டுங்க, ரெண்டுலயும் நனையறது ஒண்ணுதான்" என்றாள்.

விற்க மனம் வரவில்லை மாப்பிள்ளை. லோடு ஏற்ற வரிசையில் காத்துக் கிடக்கும்போது அந்தத் தகட்டின் மேல் எத்தனை கோடைக்காலம் ஆளுக்கொரு பக்கம் படுத்திருப்போம்! உங்களுக்குக் கல்யாணமான புதிதில் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு சிமென்ட் லோடு போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மழை தகட்டில் அடித்த அடியில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. நீங்கள் "பசிக்குதா?" என்று கேட்டீர்கள். அவள் அதை "பிடிக்குதா?" என்று நினைத்து, "ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்று கத்தினாள். நீங்கள் வெட்கத்தில் கியரை மாற்றிப் போட்டு வண்டி நடுரோட்டில் நின்றுபோனது. நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

தகர வேலை செய்கிறவர், சிங்கப்பல் என்று எல்லோரும் கூப்பிடுவோம், அவர்தான் வேலையை எடுத்தார். உடைக்கப் போட்டிருந்த ஒரு லாரியிலிருந்து இதே அளவில் நல்ல தகடு கொண்டுவந்தார். பழையதை அறுத்துத் தரையில் கவிழ்த்தபோது நான் பக்கத்தில் நின்று, "எல்லாம் எங்க மாப்பிள்ளை குடோன் வாசல் வளைவுல இடிச்சதால வந்தது" என்றேன். பதினோரு வருடமாக எல்லோரிடமும் அதைத்தானே சொல்லி வருகிறேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இடிச்ச மூலை இன்னும் கிண்ணுனு இருக்குண்ணே. துரு கிளம்புனது இங்க. யாரு இந்த நாலு ஓட்டையப் போட்டது?" என்று கேட்டார்.

நான்தான் போட்டேன். மேலே கேரியர் வைக்க. ரப்பர் வாஷர் போடச் சொல்லி நீங்கள் அன்றே சொன்னீர்கள். நான்தான், "உங்க வேலையப் பாருங்க" என்று போல்ட்டை முறுக்கினேன். அதற்கப்புறம்தான் நீங்கள் வளைவில் இடித்தது. லோடு ஆட்கள் முன்னால், "கண்ணு தெரியாதவன்கிட்ட வண்டியக் குடுத்தேன் பாரு" என்று நான் கத்தியதும் அன்றைக்குத்தான். நீங்கள் சாவியை உங்கள் அக்கா கையில் கொடுத்துவிட்டு, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

சிங்கப்பல் கேட்டபோது உங்கள் அக்காவும் அங்கேதான் இருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ வீட்டுக்கு வந்ததும் இந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நேற்று நல்ல மழை. ஒரு சொட்டு இறங்கவில்லை. உள்பக்கம் மெத்தை வைத்துத் தைத்திருப்பதால் சத்தமும் இல்லை. மெதுவாகப் பேசினாலே கேட்கும். பேசத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பாப்பாவுக்கு ஒன்பது வயது என்று கேள்விப்பட்டோம். யார் ஜாடை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பள்ளி விடுமுறையில் மூன்று பேரும் வாருங்கள். நான்தான் வந்து அழைக்க வேண்டும் என்றால் அதுவும் முறைதான். ஒரு வரி எழுதுங்கள், கிளம்பி வருகிறேன். மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டுவீர்கள் அல்லவா? உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும், என் மானத்தைக் காப்பாற்றப் பார்ப்பீர்கள். சிங்கப்பல் சொன்னதை விட்டுவிடாமல் வாசியுங்கள், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்