மூணு மாசம் கழிச்சு வாங்க

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். டேப்லெட்டுக்கு பிளாஸ்டிக் உறை கொடுத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டு வசதிக் கணக்கெடுப்பு, டவுனுக்குள் கடைசி நாலு தெரு.

இன்று கிடைத்த பதில்கள்:

"வீட்ல யாரும் இல்ல." சொன்னது வீட்டுக்காரம்மா.

"நாங்க வாடகைக்கு இருக்கோம், ஓனரக் கேளுங்க."

"முசியே பிரான்சுக்குப் போயிருக்காரு." முசியே, அதாவது வீட்டு ஐயா, மாடியில் இருமிக்கொண்டிருந்தார்.

"நாய் கடிக்கும்." நாயே கிடையாது.

ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் டிவியை நிறுத்தி, லைட்டையும் அணைத்துவிட்டார்கள். ஃபேனை மறந்துவிட்டார்கள்.

கோபம் வருவதில்லை. என் வீட்டுக்கு எவனாவது வந்தால் நானும் இதையேதான் செய்வேன்.

ஆனால் பட்டியலில் வந்த வீட்டை மாற்ற முடியாது. பக்கத்து வீட்டில் கேட்டு எழுதினாலும் செல்லாது. சூப்பர்வைசர் போனில்: "இன்னொரு மறுப்பு வந்துச்சுன்னா அரியாங்குப்பம் உனக்குக் கிடையாது, பாத்துக்க." அடுத்த கட்டக் கணக்கெடுப்பு அங்கேதான்; அது இல்லையென்றால் பொங்கல் வரை வேலையில்லாமல் வீட்டில்தான்.

நவ. 11, செவ்வாய்

தூறல். பள்ளிவாசலுக்குப் பின்தெரு, பச்சைக் கதவு. பட்டியலில் குடும்பத் தலைவர் அப்துல் காதர். நேற்று கதவைத் திறக்கவே இல்லை. இன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். "காதர் பாய்! காதர் பாய் இருக்காரா?"

திரைக்குப் பின்னால் பெண் குரல். "இப்ப முடியாதுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

நாளைக்கு வா, சாயந்தரம் வா, எல்லாம் கேட்டாயிற்று. மூணு மாசம் புதுசு. ஆபீசில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் போகும்போது எனக்கே சொல்லிவிட்டுப் போனான், மூணு மாசம் கழிச்சு வரேன் என்று.

நவ. 12, புதன்

மழை விட்டது. சட்டை காயவில்லை. மறுபடி பச்சைக் கதவு, மறுபடி "காதர் பாய்!" அதே பதில், இன்னும் மெதுவாக.

"அவர ஒரு அஞ்சு நிமிஷம் வரச் சொல்லும்மா."

திரை கொஞ்சம் அசைந்தது. வந்துவிட்டேன்.

நவ. 13, வியாழன்

எதிரே தையல் கடை. காதர் பாய் எப்போதுதான் வீட்டில் இருப்பார் என்று கேட்டேன். டெய்லர் மிஷினை நிறுத்தினார்.

"தம்பி, அவரு மவுத்தாகி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. அந்தம்மா இத்தால, புருஷனுக்கான துக்கத்துல இருக்காங்க. நாலு மாசம் பத்து நாளு, வெளி ஆம்பளைங்க முன்னால வரமாட்டாங்க. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா மட்டும் சொல்லியிருக்கிறார், உள்ளதை உள்ளபடி. நான் அதை ஆபீசில் வைத்துச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சூப்பர்வைசர்: "நாளைக்குள்ள முடியலன்னா மறுப்புன்னு போட்டு மூடு."

"அவங்க மறுக்கல சார்."

"வேலை போனா என்னக் கேக்காத."

ராத்திரி தோசை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவ. 14, வெள்ளி

செல்வியிடம் கேட்டேன். எங்கள் ஆபீஸ்தான், பிள்ளைச்சாவடி பக்கம் கணக்கெடுக்கிற பெண். அங்கே பாதியில் விட்டுவிட்டு வந்தாள், நல்ல மனசு. அவள் உள்ளே போனாள், நான் தையல் கடையில். ஜும்ஆ தொழுகைக்கு டெய்லர் கடையைப் பூட்டுகிற வரைக்கும் அவள் வரவில்லை.

வந்ததும், "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டாங்கண்ணா. டீ போட்டுக் குடுத்தாங்க."

"எம்மேல கோவமா?"

"இல்லண்ணா. துக்கம் கேக்க வர்றவங்க யாரும் அவரு பேரையே எடுக்கறதில்லியாம். நீங்க ஒருத்தர்தான் வாசல்ல நின்னு கூப்புட்டீங்களாம். 'இருங்க வரேன்'னு உள்ள இருந்து அவரு சொல்லப்போறாருன்னு இருக்குமாம், ஒரு நிமிஷம். அப்புறம் இவங்க எழுந்து வருவாங்களாம்."

நான் பச்சைக் கதவைப் பார்த்தேன்.

"அந்தத் தம்பி இனிமே வரமாட்டாரான்னு கேட்டாங்க."

வீடு முடிந்தது. அந்தத் தெருவில் இனி எனக்கு வேலை இல்லை.

நவ. 17, திங்கள்

நல்ல வெயில். அரியாங்குப்பம் கிடைத்துவிட்டது. ஆற்றுப் பாலத்தில் பஸ்ஸும் பைக்கும் நகரவே இல்லை. முதல் வீடு, இரும்பு கேட். பட்டியலில் ராமலிங்கம். வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. கேட்டை மட்டும் தட்டினேன்.