உத்தரத்தில் மூன்று

மகளே,

இபிசா தீவில் குளிர்காலத்துக்கு நடன விடுதிகள் பூட்டிக் கிடக்கின்றன, பாதாம் பூத்துவிட்டது. டிசம்பரில் பன்றி வெட்டியபோது, வீட்டில் ஆளுக்கொன்று என்று வழக்கப்படி குடலில் இறைச்சி அடைத்து, மூன்றை உத்தரத்தில் தொங்கவிட்டேன்.

"பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, மக எட்டிப் பாக்கறதில்ல. மூணு எதுக்குய்யா?" என்றாள் பக்கத்து வீட்டு மர்கலிதா. அவள் வாய் உனக்குத் தெரியாததா?

நேற்று பூப் பார்க்க வந்த வெளியூர் ஜோடி ஒன்றுக்கு வைன் கொடுத்தேன். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்து, ஏன் மூன்று என்று கேட்டாள். வீட்டில் ஆளுக்கொன்று என்றேன்.

"மத்த ரெண்டு பேரு எங்கய்யா?"

"தோப்புல இருக்காங்கம்மா. இப்ப வந்துடுவாங்க."

"அப்ப பாத்துட்டே போறோம்."

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா