வெறும் வயிற்றில் எடுத்த தண்டால்

என் நெஞ்சை விட்டுப் போகாத நைனாவுக்கு,

அம்மன் புண்ணியத்தில் அங்கே நீங்கள் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் மருமகன் மூன்று நாளாகப் பாயில் படுத்திருக்கிறார். காய்ச்சல் இல்லை. எழுந்து போக இடமில்லை.

துறைமுக வாசலில் விடிகாலை வரிசை உங்களுக்குத் தெரியாததா? மேஸ்திரி தோளையும் மார்பையும் பார்த்துத்தான் மூட்டை தூக்க ஆள் பொறுக்குவார். "தெனம் தண்டாலு, கசரத்துன்னு செய்றவனுக்கு வேல தானா வரும், கண்ணு" என்பீர்கள். தலை நரைத்த பிறகும் கர்லாக்கட்டை சுற்றினவர் சொன்ன சொல்லாயிற்றே, நம்பினேன்.

நானே எழுத்துக்கூட்டிப் படித்தவள். கணக்கில் கெட்டி என்று உங்களுக்குப் பெருமை. உங்கள் மருமகன் தண்டால் எடுத்த நாளுக்கு நோட்டில் ஒரு கோடு, வேலை கிடைத்த நாளுக்கு ஒரு புள்ளி போட்டுவந்தேன். கோடு இருந்த நாளெல்லாம் பெரும்பாலும் புள்ளியும் இருந்தது. விளக்கேற்றி அம்மனைக் கும்பிட்டேன்.

போன வாரம் நாலு நாள் சேர்ந்தாற்போல் வேலை இல்லை. நொய்க்கஞ்சி பிள்ளைகளுக்கே போதவில்லை. ஐந்தாம் நாள் அவர் எழவில்லை.

"எந்திரிய்யா! படுத்துகினு இருந்தா எவன் வேல குடுப்பான்? அம்பது தண்டால் எடுத்துட்டுப் போ" என்று கத்தினேன்.

எடுத்தார். போனார். வரிசையில் மேஸ்திரி காலடியிலேயே மயங்கி விழுந்தார்.

"இன்னா மாமு, மூட்ட தூக்க வந்தியா, ஒன்ன நாங்க தூக்கணுமா? இனிமே இந்தப் பக்கம் வராத" என்றாராம் மேஸ்திரி. வரிசையே சிரித்ததாம்.

எங்கே தப்பு நடந்தது என்று நோட்டை அவரிடமே காட்டினேன். "மொத நா கூலி வந்தா வவுறு ரொம்பத் துன்னுவேன். மறுநா தண்டாலும் வரும், மேஸ்திரி கண்ணுக்கும் ஆளா தெரிவேன். நீ இன்னாமே, அத்தத் தலகீழா எழுதிகினுகீற?" என்றார்.

பக்கங்களைப் புரட்டினேன். அநேகமாக எல்லாக் கோட்டுக்கும் முந்தின நாள் ஒரு புள்ளி.

உங்களுக்குக் கிரேனில் மாதச் சம்பளம். காலையில் அம்மா வட்டில் நிறையக் களி போடுவாள். அதனால்தான் கட்டை சுற்றினீர்களா, நைனா? தெரிந்தா அப்படிச் சொன்னீர்கள், இல்லை உங்களுக்கும் தெரியாதா?

வெள்ளிக்கிழமை திருவொற்றியூருக்கு நடந்தே போய் வடிவுடையம்மன் முன்னால் நின்றேன். என்ன கேட்பதென்றே தோன்றவில்லை. அவர் விழுந்த சேதி வாசல் முழுக்கப் பரவிவிட்டது. வேறு மேஸ்திரிகளும் எடுக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அவர் பட்டினியாகப் படுத்த இரவுக்கு மறுநாள், உங்கள் சொல்லைச் சொல்லி அவரை இனி எழுப்ப மாட்டேன். தூங்கட்டும்.

உங்கள் சொல்லை முதல்தடவையாக மீறும் மூத்த மகள்,
தனம்