மூன்றாம் முறைக்குக் காத்திருந்தவனுக்கு

இன்று காலை ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறான்: ‘உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்.’ அவ்வளவுதான். எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நின்றது, ஒன்றும் கிடையாது. இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான். தேநீர் ஆறும்வரை அவனைத் திட்டினேன். பிறகு கோபம் உன் பக்கம் திரும்பியது. பிரிஸ்பேனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து நீ போய் மூன்று மாதம் ஆகிறது. வலி இருந்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ஊருக்கெல்லாம் விவரமாக எழுதச் சொன்னவன் நீ.

ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள் நம் தீவு நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் ஆட்களைப் பிடித்து வைத்திருந்த அந்த வாரங்களில் நான் தலைநகருக்குப் பக்கத்து லாமி அலுவலகத்தில் இருந்தேன், நீ தீவின் மறுகோடியில் வோட்டுவாலேவு கிளையில். இரண்டு இடத்துக் கணினிகளையும் இணைத்தது இந்த இலவச மென்பொருள்தான். ஒருநாள் சின்னச் செய்திகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, பெரிய கோப்புகள் பாதியில் நின்றன. அப்போது சோறு குழைந்தால்கூட ஆட்சிக் கவிழ்ப்பைத்தான் குறை சொல்வோம். நானும் மென்பொருள்காரர்களின் பொது மடற்குழுவுக்கு எழுதிவிட்டேன்: ‘ராணுவம் எங்கள் இணைப்பை வெட்டிவிட்டது, உதவுங்கள்.’ ஆறுதல் கடிதங்கள் குவிந்தன. அரசியல் சண்டைகூட நடந்தது. கோளாறைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இங்குள்ள இந்தியர் எல்லோரையும்போல அலுவலகத்தில் நமக்குள்ளும் இந்திதான். கோபம் வந்தால் மட்டும் உனக்குத் தமிழ் வரும். அன்று போனில் தமிழ் வந்தது.

“சிப்பாய் ஒயர வெட்டுனத நீ பாத்தியாடா?”

“பாக்கல.”

“அப்பறம் ஏன் எழுதுன? பாத்தத எழுது, நெனச்சத எழுதாத. முந்தின நாள் எதனா மாத்துனியா?”

“புது மோடம் மாட்டுனேன்.”



“அதையும் எழுது. மூணு தடவ அனுப்பிப் பாரு. மூணு தடவையும் அதே எடத்துல நின்னாத்தான் கோளாறு. ஒரு தடவ வந்ததுக்கெல்லாம் அடுத்தவன் நேரத்தக் கெடுக்காத.”

அப்படியே எழுதினேன். இரண்டே நாளில் முகம் தெரியாத ஒருவன் திருத்தி அனுப்பினான்.

அடுத்த வருடம், பிள்ளைகள் படிப்பைச் சொல்லி, நீயும் பிரிஸ்பேனுக்கு மூட்டை கட்டினாய். நான் இங்கே நகாசி வீட்டிலேயே தங்கிவிட்டேன். பிற்பாடு அந்த மென்பொருளைப் பராமரிக்கும் வேலை நம் இருவர் தலையில் விழுந்தபோது, குறை எழுதுவோருக்கான பக்கத்தில் முதல் வரியாக அதையே வைத்தாய்: ‘மூன்று முறை வந்தபின் எழுதுங்கள்.’

போன வாரம் உன் மகன் உன் கணினியிலிருந்து ஒரு கோப்பை அனுப்பினான். “அப்பா உங்களுக்கு எழுதி அனுப்பாமல் விட்டிருக்கிறார், அங்கிள்.”

முதல் முறை: மாடிப்படி ஏறும்போது, நெஞ்சின் நடுவே அழுத்தம், நான்கு நிமிடம், இடது கை மரத்தது. இரண்டாம் முறை: ஒன்பது நாள் கழித்து, புல் வெட்டும்போது, ஆறு நிமிடம். புதிதாக எதையும் மாற்றவில்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத அறிக்கை. அடியில் இப்படி எழுதியிருந்தாய்: ‘இன்னொரு முறை வரட்டும். உறுதியானதும் அனுப்பலாம்.’

மடையா. வலிக்கிறது என்று ஒரு சொல் போதாதா? உன்னிடம் நான் பதிப்பு எண்ணா கேட்டிருப்பேன்?

மதியம் அந்தப் பக்கத்தைத் திறந்து உன் வரியை அழித்துவிட்டேன். ‘ஒருமுறை வந்தாலே எழுதுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, மீதியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்’ என்று போட்டிருக்கிறேன். குப்பையாக வந்து குவியும். குவியட்டும். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விசாரிப்பேன். கடைசியாக நாம் பேசியபோது உனக்கு மூச்சு வாங்கியது என் காதில் விழுந்தது. நான் புதுப் பதிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.