ஞாயிற்றுக்கிழமை பிடித்த பாவு

புதுப்பாவடி,
ராசிபுரம் வழி, சேலம் ஜில்லா.
1937 அக்டோபர் 13, புதன்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மகன் ஞானாபரணத்துக்கு உன் தாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கச்சி அன்னாளும் அவள் பிள்ளைகளும் ஆண்டவருடைய கிருபையினால் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம், அங்கே பினாங்கில் நீயும் மருமகள் லீதியாளும் பேத்திமார் இரண்டு பேரும் காய்ச்சல் கண்ணோவு இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் உங்கள் பேரைச் சொல்லித்தான் முழங்காலில் இருந்து எழுந்திருக்கிறேன். உன் காகிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, ஐப்பசி மழை இன்னும் இறங்கவில்லை, கிணற்றில் இரண்டு ஆள் தண்ணீர்தான் நிற்கிறது, அன்னாளுக்கு இது ஏழாம் மாதம். சேதி இவ்வளவுதான். மற்றது எல்லாம் உன் காகிதத்துக்குப் பதில்.

அம்மா, சபை கேட்கிற அந்த மன்னிப்பைக் கேட்டுவிடு, ஒரு கையெழுத்துத்தானே என்று எழுதியிருக்கிறாய். நத்தானியேல் உபதேசியார் உனக்கு மூன்று பக்கம் எழுதினார் என்பதும், நான் ஓய்வுநாளை மீறினேன், அஞ்ஞானிகளோடு சேர்ந்து பாவடியில் தறிப் பாவு நீவி வேலை செய்தேன், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்காவிட்டால் பட்டியலில் இருந்து என் பேரை அடித்துவிடுவார்கள் என்று எழுதினார் என்பதும் உன் காகிதத்தில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது. பேரை அடித்தால் திருவிருந்து கிடையாது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கல்லறைத் தோட்டத்தில் உங்கப்பன் குழிக்குத் தெற்கே ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நான் நாலு கல் நட்டு வைத்திருக்கிறேனே, அந்த இடமும் கிடையாது என்று மூப்பர்கள் சொல்கிறார்கள். அது எனக்கு வலிக்கிறது, வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் எழுத மாட்டேன். ஆனால் நடந்ததை அவர் எழுதினபடி நீ வாசித்தாய், நான் எழுதினபடியும் வாசி.

அந்தப் பாவு யாருடையது என்று அவர் எழுதினாரா? எழுதியிருக்க மாட்டார். மயிலம்மாளுடைய பாவு. உனக்குச் சின்னம்மா முறை, உங்கப்பனுடைய தம்பி சென்னிமலையின் பெண்சாதி. அவளை நீ தெருவில் தூரத்தில் பார்த்திருப்பாய், நான் உன்னைப் பேச விட்டதில்லை, அதற்குக் காரணம் உண்டு. ஜெர்மன் சண்டையின் இரண்டாம் வருஷம், ஐப்பசி பதினோராம் தேதி, புதன்கிழமை. உனக்கு அப்போது நாலு வயசு. அதற்கு முந்தின ஞாயிறுதான் நாம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றோம், உங்கப்பன் ராசப்பன் பேதுருவானார், பாப்பாயி நான் சலோமியானேன். அந்தப் புதன்கிழமை விடியற்காலம் உங்கப்பன் அறுபது முழப் பாவைப் பாவடித் திடலில் நீட்டிக் கஞ்சி தோய்த்துவிட்டார். பாவு என்றால் உனக்கு எழுத வேண்டியதில்லை, ஆனாலும் மருமகள் கேட்பாள், சொல்லு, தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். ஈரக் கஞ்சி ஏறின நூலை இரண்டு பக்கமும் ஆள் நின்று காய்கிற வரைக்கும் விடாமல் நீவ வேண்டும், அறுந்த இழையை முடிய வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், விட்டால் இழையும் இழையும் ஒட்டிப் பலகையாகிவிடும். அதனால்தான் ஒருவர் பாவுக்குத் தெருவே கை கொடுக்கும், கூப்பிடுகிற வழக்கம்கூடக் கிடையாது, பாவு நீட்டினால் வருவார்கள். அன்றைக்கும் ஆறு பேர் வந்து நின்றார்கள். மயிலம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து, அந்தப் பொஸ்தகத்தத் தொட்ட கையி தொட்ட நூலு இது, ஆராச்சும் தொட்டீங்கன்னா உங்க ஊட்டுத் தறியும் ஓடாது பாத்துக்கோங்க என்று சத்தம் போட்டாள். ஆறு பேரும் கையை எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கப்பன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், ஓடி ஓடி நீவினோம், வெயில் எங்களை விட வேகமாக ஓடியது. நூல் கொடுத்த பெரிய வீட்டுக்காரன் சாயங்காலம் வந்து பார்த்தான், மறுநாள் தறியைக் கழற்றிக்கொண்டு போனான். நெய்கிற கை, ஒன்பது வருஷம் நாமக்கல் ரோட்டில் கல் உடைத்தது, அந்தத் தூசியில்தான் இருமிச் செத்தார். இதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. அவள் பேரை என் வாயால் சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

இப்போது கேள். இந்த வருஷம் உபதேசியார் ஆவியின் கனி என்று பிரசங்கம் தொடங்கினார். கோயில் சுவரில் அட்டையில் ஒரு மரம் வெட்டி ஒட்டி, அன்பு சந்தோஷம் சமாதானம் என்று ஒன்பது காகிதப் பழம் தொங்கவிட்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது, அன்னாளுடைய சின்னவள் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஜூலை மாதம் பெண்கள் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் எழுந்து தன்னிடம் எந்தக் கனி பழுத்திருக்கிறது என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். எனக்கு நீடிய பொறுமைங்க என்றாள் ஒருத்தி, அவள் மருமகள் என் பக்கத்தில் இருந்து இருமினாள். எனக்கு இச்சையடக்கமுங்க என்றாள் மூப்பர் வீட்டம்மாள், போன கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவள் எடுத்த அதிரசத்தை நான் எண்ணியிருக்கிறேன். என் முறை வந்தபோது, மத்ததெல்லாம் எனக்குத் தெரியலீங்க, சாந்தம் மட்டும் இல்லீங்க, ஒருத்தி மேல எனக்கு இருக்கிற கோவம் இன்னைக்கு வரைக்கும் ஆறலீங்க என்று சொல்லி உட்கார்ந்தேன். சிரித்தார்கள். உபதேசியார், சலோமியம்மாள் இன்னும் பூவே பூக்கவில்லை போலிருக்கிறது என்றார். அதையும் நான் மனசில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி ஞாயிறு. முந்தின நாள் அமாவாசை, தறிக்காரர் ஒருவரும் வேலை தொடமாட்டார்கள், ஆகவே ஞாயிறு விடியும்போதே மயிலம்மாள் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்திருக்கிறாள். சென்னிமலை போன வருஷம் போய்விட்டான், அவள் மகன் பம்பாய் மில்லுக்குப் போனவன் காகிதம்கூடப் போடுவதில்லை, அவளே தறியில் உட்காருகிறாள். கஞ்சி ஏறின பிற்பாடு நாட்டாண்மைக்காரர் வீட்டில் கிழவர் செத்துப்போன சேதி வந்தது. இழவு என்றால் தெரு முழுக்கப் போக வேண்டும், போய்விட்டார்கள், இவள் மட்டும் அறுபது முழ ஈரப் பாவோடு நிற்கிறாள். கோயிலுக்குப் போகிற வழி பாவடி ஓரமாகத்தானே, நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேதப் பையோடு போனேன், கோயிலில் முதல் மணி அடித்தது. அவள் ஒரு பக்கம் நாலு இழுப்பு நீவுவாள், சுற்றிக்கொண்டு ஓடி மறுபக்கம் நாலு இழுப்பு நீவுவாள். என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. கூப்பிடுகிறவள் அல்ல. நான் பையைப் புளியமரத்துக் கிளையில் மாட்டிவிட்டு மறுபக்கம் போய் நின்றேன். அவள் சொன்ன முதல் வார்த்தை, ஏ பாப்பாயி, அழுத்தாத, மேலாப்புல இழு, மறந்துபோச்சா என்பது. எனக்கா மறக்கும், உன்ர கைய நீ பாரு என்றேன். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிற்பாடு நாங்கள் பேசினது அவ்வளவுதான். இழை முடிய ஒரு ஆள் வேண்டியிருந்தது, புகையிலை வண்டிக்காரன் பொன்னன் அந்தப் பக்கம் வந்தான், இறங்கு என்றேன். ஏனுங்காத்தா, எனக்கு நூலப் பத்தி என்னங்க தெரியும் என்றான். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு முடியத் தெரியுதல்ல, அதே முடிதான், ஆனா மெல்லிசு என்றேன், இறங்கி வந்து பாதி இழையைத் தப்பாக முடிந்தான், பாவம், அப்புறம் தேறிவிட்டான். இரண்டாம் மணி அடித்தது. சபைப் பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள், வாங்கடி ரெண்டு பேரு என்று கூப்பிட்டேன், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்கள், நீடிய பொறுமைக்காரி எல்லோருக்கும் முன்னாலே. பாவு காய்ந்து இழை இழையாகப் பிரிந்து நின்றபோது கோயிலில் கடைசிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே மூப்பர்கள் வந்தார்கள். பாவுக்குச் சூடம் காட்டினார்களா, நீ குங்குமம் எடுத்தாயா என்று கேட்டார்கள். கையைக் காட்டினேன், கஞ்சிப் பசை தவிர வேறே எதுவும் இல்லை, வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்றேன். உபதேசியார் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்தார். வீடு வீடாக வேதம் சொல்ல வந்த வேத ஸ்திரீ கற்றுக் கொடுத்த எழுத்து எனக்கு இன்னும் இருக்கிறது, கூட்டிக் கூட்டி மூன்று தடவை வாசித்தேன். ஓய்வுநாளை மீறி அஞ்ஞானிகளின் வேலையில் பங்குகொண்டு சபைக்கு அவமானம் வருவித்தேன், அதற்காக மனஸ்தாபப்படுகிறேன் என்று இருந்தது. எனக்கு மனஸ்தாபம் இல்லையே, இல்லாததை எப்படிக் கையெழுத்துப் போடுவது? மாடு குழியில் விழுந்தால் ஓய்வுநாளிலும் தூக்கலாம் என்று நம் ஆண்டவர் சொன்னதை இதே உபதேசியார்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதைச் சொன்னேன். பாவு மாடு அல்ல என்றார். தறியில் உட்காராதவருக்கு அப்படித்தான் தெரியும்.

இதற்கு நடுவில் மயிலம்மாள் என்ன செய்தாள் தெரியுமா, ஒருவரிடமும் சொல்லாமல் உபதேசியார் வீட்டு வாசலுக்கே போய் நின்று, ஏனுங்க சாமி, அவ எனக்கு ஆகாதவ, எம்மூஞ்சியப் பாத்து ஒரு நல்ல வார்த்த பேசல, ஆனா என்ர பாவ எடுத்துக் குடுத்துட்டா, அதுக்கு அவளத் தள்ளி வெச்சீங்கன்னா உங்க சாமிக்கு ஞாயம் தெரியாதுன்னு பாவடி பூராச் சொல்லுவனுங்க என்று கேட்டுவிட்டு வந்தாளாம். எனக்காகப் பரிந்து பேச அவள் யார் என்று எனக்குக் கோபம் வந்தது. வந்து என்னிடம் நேராகவே, உங்க ஆளுக எடம் குடுக்காட்டிப் போச்சாது, எங்க காட்டுல சென்னிமலை பக்கத்துல கெடந்துக்கோ என்றாள். உன் பக்கத்தில் வந்து படுக்கிறதற்கு நான் சாகாமலே இருந்துவிடுகிறேன் என்றேன். அடுத்த பாவை ஞாயிறு விட்டுத் திங்கட்கிழமை போடுகிறாளாம். எனக்காகத் தள்ளி வைத்தேன் என்று அவள் சொல்லமாட்டாள், அதற்காக வருகிறேன் என்று நானும் சொல்லமாட்டேன், போவேன்.

அவளை மன்னித்துவிட்டாயா அம்மா என்று நீ கேட்பாய். தெரியவில்லை சாமி. அவள் குரல் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தப் புதன்கிழமை வெயில்தான் அடிக்கிறது. கை முன்னால் போய்விட்டது, மனசு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது, என்றைக்கு வந்து சேருமோ அது ஆண்டவர் வேலை. உனக்குப் பதிலாக நான் மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பிவிடட்டுமா என்று உன் காகிதத்தின் அடியில் கேட்டிருக்கிறாய், அது மட்டும் வேண்டாம். அனுப்பினால் கோயில் நடுவில் எழுந்து, இது என் மகனுடைய மன்னிப்பு, அவன் பினாங்கில் என்ன செய்தானோ அவனையே கேளுங்கள் என்பேன், உனக்குத்தான் அவமானம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளைச் சேலையையே கட்டிக்கொண்டு போய், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்காரப் போகிறேன். பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுந்து இரண்டு வார்த்தை சொல்லப் போகிறேன். பாவு பிடித்தேன், இன்னொரு ஞாயிறு இப்படி வந்தாலும் பிடிப்பேன் என்பது ஒன்று. மற்றதை மேலே உனக்கு எழுதும்போது கை வரவில்லை, விட்டுவிட்டேன். முதல் மணி அடித்தவுடன் நான் மறுபக்கம் போகவில்லை. புளியமரத்தடியில் நின்றேன். அவள் ஓடுகிறதைப் பார்த்தேன், வெயில் ஏறுகிறதைப் பார்த்தேன், காயட்டும், இவளுக்கும் காயட்டும் என்று எனக்கு உள்ளே அப்படி ஒரு சந்தோஷம், கல்யாண வீட்டுச் சந்தோஷம். ஒரு இழை அறுந்து அவள் குனிந்தபோதுதான் என் கால் நகர்ந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைக் கேட்பேன், சபைக்கு முன்பாகவே கேட்பேன். அவர்கள் எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. பிற்பாடு பேரை அடிக்கிறதானால் அடிக்கட்டும். இந்தக் காகிதம் கப்பல் ஏறி உன் கைக்கு வருவதற்குள் அந்த ஞாயிறு முடிந்து போயிருக்கும், ஆகையால் வேண்டாம் என்று எழுதி ஸ்டாம்பை வீணாக்காதே.

மருமகளை ஈரத்தலையோடு வெளியே போக விடாதே. கொசுவலை கிழிந்தால் ஒட்டுப் போடு, புதுசு வாங்குகிற வரைக்கும் கொசு காத்துக்கொண்டு இருக்காது. பேத்திமாருக்குத் தமிழ் எழுத்துப் பழக்கு, என் காகிதத்தை அவர்கள்தான் நாளைக்கு வாசிக்க வேண்டும். பிஸ்கோத்து டப்பா அனுப்ப வேண்டாம், அன்னாளுக்குப் பிரசவத்துக்கு ஒரு கம்பளி அனுப்பு. உன்னையும் உன் வீட்டையும் உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக, உன் பிள்ளைகள் உனக்குக் கீழ்ப்படியட்டும், நீ எனக்குக் கீழ்ப்படிந்ததை விடக் கொஞ்சம் அதிகமாகவே.

இப்படிக்கு,
ஒருவரும் எழுதிக் கொடுக்காத கையெழுத்தில்,
உன் தாய்,
சலோமி என்கிற பாப்பாயி.